வேசம் கலைக்காமல் படுக்காதே

இராசிபுரம்
தை 15

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பஸ் ஏறியதும் ஒரு போன் போடு என்று ஆண்டகளூர் கேட்டில் நின்று படித்துப் படித்துச் சொன்னேன். போனில் சார்ஜ் இல்லை என்று நீ சொல்லப்போகிற பதில் எனக்கு இப்போதே தெரியும். கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையாவது உன் வாய்க்குப் போனதா, இல்லை ரூமில் இருக்கிற கூட்டாளிகள் பிரித்துக்கொண்டார்களா?

இங்கே குச்சிக்கிழங்கு வெட்டு மும்முரமாக நடக்கிறது. சேகோ ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் திப்பி புளித்த வாடை வீடு முழுக்க நிற்கிறது. ஆயாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீ கிளம்பிய மறுநாள் விடியற்காலையிலேயே முனியப்பன் கோயிலுக்குப் போய், "எம் பேரன் மொட்டமாடில உக்காந்து ரத்தங் குடிக்கறானுங்க சாமி" என்று பூசாரியிடம் சொல்லி, கயிறு மந்திரித்து வாங்கி வந்துவிட்டாள். பூசாரி பாவம், பையனை நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னாராம். கயிற்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கட்டினால் கட்டு. கட்டாவிட்டாலும் கட்டினேன் என்று ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன் அம்மாவும் என்னைக் கூப்பிட்டு, "நீங்களாச்சும் அவனுக்குச் சொல்லுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பான்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்றேன். நீயும் உன் கூட்டாளிகளும் மொட்டைமாடியில் ரத்தக்காட்டேரி ஆட்டம் ஆடிய மூன்று ராத்திரியும் நானும் உங்களோடு உட்கார்ந்து ஆடினேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

நீ விட்டுவிட்டுப் போன அந்த ஆட்டத்தின் தடிப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல மெல்லப் படித்தேன். முப்பத்திரண்டு வருசம் கிராமத்து நர்சாக இருந்தவளுக்கு அரசாங்கத்து இங்கிலீஷ் சுற்றறிக்கையே பழக்கம், இந்த இங்கிலீஷ் பெரிய கஷ்டமில்லை. புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பார்.

வேம்பயர்: தி மாஸ்கரேட். அமெரிக்காவில் ஒயிட் உல்ஃப் என்கிற கம்பெனி 1991-இல் கொண்டுவந்தது. உருவாக்கியவர் மார்க் ரெயின்ஹேகன். நீ விட்டுப் போனது 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. பலகை கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா வேசமும் செத்தும் சாகாமல் ரத்தம் குடித்துப் பிழைக்கிற ஜென்மம். மனிதர் நடுவே தங்களைக் காட்டிக்கொள்ளாமல் முகமூடிக்குள் வாழ்வதுதான் பேரில் இருக்கிற மாஸ்கரேட். ஒருத்தன் மட்டும் கதைசொல்லி. "மணி ரெண்டு, பைபாஸில் ஒரு லாரி நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று அவன் கேட்பான், நாம் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பத்து முகப் பகடையை உருட்ட வேண்டும். 6-ம் அதற்கு மேலும் விழுந்தால் பலித்தது. சரிதானே?

முதலில் உனக்கு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன், திட்டு பின்னால் வருகிறது.

கதைசொல்லியாகச் சேலத்து ராத்திரியை நீ கட்டியிருந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அதற்குப் பின்னால் உன் ரத்தக்காட்டேரிகளின் ராஜாவைக் குடிவைத்தாய் பார், அதுதான் கற்பனை. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நடித்த ஒரு துணை நடிகன், ஒருநாளும் முகம் தெரியாமலே செத்து, சாகாமல் இன்னும் அந்த வாசலில் 'ஆக்‌ஷன்' குரலுக்குக் காத்திருக்கிறான் என்று நீ சொன்னபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. அவனுக்குப் பயந்தா, அவன்மேல் பரிதாபப்பட்டா என்று இன்னும் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன். நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் பேய் புளியமரத்தில் இருக்கும், சுடுகாட்டில் இருக்கும். ஆள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் தப்பித்தான். இதில் பேய் சட்டைக்குள்ளேயே இருக்கிறது. எதைச் சாத்துவது?

அந்தப் பசிப் பகடை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனுக்குக் கை கொடுக்க வேண்டும். பசி 3 என்றால் உருட்டுகிற பகடையில் 3 சிவப்பு. பூட்டைத் திறக்கவோ பொய் சொல்லவோ கூட அந்தச் சிவப்பையும் சேர்த்தே உருட்டியாக வேண்டும். தோற்று, சிவப்பில் 1 விழுந்தால் உள்ளிருக்கிற மிருகம் வெளியே வந்துவிடும். ஜெயித்தாலும், ஜோடி 10-இல் ஒன்று சிவப்பாக இருந்துவிட்டால் அந்த வெற்றியே ரத்தக்களரியாகும். எல்லாவற்றையும்விட ஒரு விதி என்னை யோசிக்க வைத்தது. பசியை 1 வரைக்கும் இறக்கலாம். அதையும் தீர்த்து 0 ஆக்க வேண்டுமென்றால் ஒரு மனிதனைக் கொன்றே ஆக வேண்டும். ஆகவே மனசாட்சி உள்ளவன் எப்போதும் கொஞ்சம் பசியோடுதான் இருப்பான். ஆயா ஏகாதசி விரதத்துக்குக்கூட இவ்வளவு நல்ல காரணம் சொன்னதில்லை.

நான் நாஸ்ஃபெராட்டு குலத்தைக் கேட்டு வாங்கியதும் நீங்கள் நாலு பேரும் சிரித்தீர்கள். அழகான குலம் எத்தனையோ இருக்க, முகம் கோரமாகி சாக்கடைக்குள் ஒளிந்து வாழ்கிற குலம் எதற்கு என்றாய். அறுபது வயசில் அழகாக நடிக்க எனக்கென்ன தலையெழுத்து? செவ்வாய்ப்பேட்டை சந்துக்கு அடியில், சாக்கடையில் வாழ்கிற ஒரு பழைய ஆஸ்பத்திரி ஆயம்மாவாக இருந்தேன். மனிதத்தனத்தை இழக்காமல் பிடித்துவைக்கிற உயிருள்ள ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னாயே, இங்கிலீஷில் டச்ஸ்டோன், தமிழில் அழகாக உரைகல். பழைய பஸ் ஸ்டாண்டுப் பூக்காரி ஒருத்தியை வைத்துக்கொண்டேன். முகத்தை மூடி வருகிற இந்தக் கிழவிக்கு, ஏன் மூடியிருக்கிறாய் என்று கேட்காமல் அரை முழம் கிள்ளித் தருவாள், அவ்வளவுதான். மூன்றாம் ராத்திரி பசி 4-க்கு ஏறி, குடோன் வாட்ச்மேனிடம் ரத்தம் குடிக்கப் போய் நிறுத்த முடியாமல் போனபோது, அந்தப் பூக்காரியை இனி எப்படிப் பார்ப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு காகிதத்தில் இருக்கிற பூக்காரி! கையெல்லாம் வேர்த்துவிட்டது எனக்கு.

இன்னொரு நல்லதும் பார்த்தேன். நாலு மணி நேரம் ஒருத்தன்கூடப் போனை எடுக்கவில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் காதுகொடுத்துக் கேட்டீர்கள். ஜெயித்தவன் தோற்றவன் என்று கிடையாது. வீட்டுக்கு வந்தால் "ம்", "இல்லீங்க" தவிர வேறு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டுப் பையன், வேசத்துக்குள் போனதும் என்னமாய்ப் பேசினான்! அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. வருகிறேன்.

உன் அம்மாவும் ஆயாவும் ரத்தம் என்றதும் பதறுகிறார்கள். எனக்கு அந்தப் பதற்றம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், போதமலை அடிவாரத்து வீடுகளில் முழுகாமல் இருக்கிற பெண் வெளுத்துப்போய்ச் சுருண்டு கிடந்தால், காட்டேரி ரத்தம் குடிக்கிறாள் என்பார்கள். ஓடைக்கரையில் காட்டேரிக்குப் படையல் போடுவார்கள். நான் போய் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பேன். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7, 6 என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். படையலைக் கெடுக்கவில்லை, கூடவே இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். "காட்டேரி குடிச்சது போக மிச்சம் உடம்புல நிக்கோணுமில்ல, இதை முழுங்கு" என்பேன். முழுங்கினார்கள். நம் ஜனங்கள் காட்டேரியை விரட்ட மட்டும் செய்யவில்லை, கும்பிடவும் செய்தார்கள். கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறிப் போனவர்கள் கயானா வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய், இன்றும் அங்கே பூசை போடுகிறார்கள். ரத்தம் குடிக்கிற ஒன்றைப் பற்றிக் கதை கட்டுவது நமக்குப் புதிதா என்ன?

அமெரிக்காவிலும் இந்தப் பதற்றம் இருந்திருக்கிறது. இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் மூத்தது 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1980-களில் அதை ஆடுகிற பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள், தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று அங்கே ஊரே அலறியது. கடைசியில் அது வெறும் பீதிதான் என்று ஆனது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன், பாதி சமாதானமானாள். மீதிப் பாதியை நீ ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் சமாதானமாவாள்.

இனி திட்டு.

முதலாவது, அந்தப் புத்தகம். ஏறக்குறைய 400 பக்கம். குலம், அதற்குள் கட்சி, கட்சிக்குள் பதவி, பதவிக்குப் பட்டப்பேர். காமரில்லா, சபாத், அனார்க் என்று நீ ஒரு மணி நேரம் விளக்கினாய். யார் யாருக்கு என்ன உறவு என்பதில் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தேவலை. புதிதாக வருகிற ஆள் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்றால் ஓடியே போவான். அதோடு சக்திகளைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் ராத்திரி உன் கூட்டாளி ஒருவன் டெம்போவைத் தூக்கி வீசினான், இன்னொருவன் சுவரைத் தாவினான், அரை மணி நேரத்துக்குப் பசியைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. பல் முளைத்த சண்டைப் படமாகிவிட்டது. நீயும் கதைசொல்லியாக அதை ரசித்துக்கொண்டிருந்தாய். பயமுறுத்துகிற ஆட்டத்தில் எல்லாரும் பலசாலியாகிவிட்டால் பயம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. ராவ்னோஸ் என்று ஒரு குலம். பழைய பதிப்புகளில் அவர்களின் பூர்வீகம் இந்தியா என்று வைத்து, ஐரோப்பாவில் அலைந்து வாழ்கிற ரோமா ஜனங்களோடு முடிச்சுப் போட்டு, திருட்டோ புரட்டோ ஏதாவது ஒன்று அவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது, விட முடியாது என்று விதியே எழுதியிருந்தார்களாம். இப்போதைய பதிப்பில் அதை மாற்றிவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "பழைய விதிதான் அத்தை ஜாலியா இருக்கும்" என்றும் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது.

கண்ணு, நீ பிறந்து வளர்ந்த இந்தச் சீமையில் அது ஜாலி இல்லை. 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். பிற்பாடு அது இந்தப் பக்கமும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தாலே திருடன் என்று பேரேட்டில் பதிந்து, கைரேகை வாங்கி, போலீஸ் கணக்குக்குள் வைத்தார்கள். 1952-இல்தான் நாடு முழுக்க அது ஒழிந்தது. இன்றைக்கும் அரசாங்கத்தின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பார், சேலத்தின் பேரைச் சேர்த்தே சில கொறவர் பிரிவுகள் இருக்கும். அந்த வீடுகளில் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன் நான். பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் அழுதன. ரத்தத்தில் திருட்டு ஊறியிருக்கிறது என்று ஒரு குலத்துக்கு விதி எழுதுவது நமக்கு வெறும் கற்பனையாக இருக்க முடியாது. மல்கேவியன் குலத்தையும் பார்த்துக்கொள். பைத்தியம் பிடித்த குலம் என்றதும் உன் கூட்டாளி கோமாளித்தனம் செய்து காட்டினான், எல்லாரும் சிரித்தீர்கள். மனநிலை சரியில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. மொட்டைமாடிச் சத்தம் அங்கே கேட்கும்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே தயக்கம். ஆனாலும் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. 2018-இல் இந்த ஆட்டத்தின் துணைப் புத்தகம் ஒன்றில், செச்சென்யாவில் ஓரினச்சேர்க்கை ஆண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்கிற நிஜச் சம்பவத்தை, ரத்தக்காட்டேரிகள் தங்களை மறைத்துக்கொள்ள ஆடிய நாடகம் என்று எழுதிவிட்டார்கள் என்றும், உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, சுவீடனில் இருக்கிற தாய்க் கம்பெனி பாரடாக்ஸ் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை எடுத்து, ஒயிட் உல்ஃபைத் தன்னோடு இழுத்துக்கொண்டது என்றும் நீயே எனக்கு விளக்கிச் சொன்னாய். "நிஜமா வலிக்கறவங்களோட கதையைப் பேய்க்கதை ஆக்கிட்டாங்க அத்தை, தப்பு" என்று நீதிபதி மாதிரி சொன்னாய்.

சொன்ன அதே வாயால் மறுநாள் என்ன யோசனை சொன்னாய்? தொட்டில் குழந்தைத் திட்டத்துத் தொட்டிலை உன் காட்டேரி ராஜா குத்தகைக்கு எடுத்திருக்கிறான் என்று வைக்கலாமா என்றாய்.

அந்தத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் முதலில் வந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, 1997-இல்தான் பிரித்தார்கள், எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. பெண்ணாகப் பிறந்ததும் கொன்றுவிடுகிற வழக்கம் இங்கே இருந்ததால், கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கமே தொட்டில் வைத்தது. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருசம் ஆன சின்னப் பெண். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். மறு வாரம் எடை போடப் போனால் தாய் மட்டும் இருப்பாள், குழந்தை இருக்காது. என்ன ஆச்சு என்று கேட்டால் "காச்சல்" என்பார்கள். வீட்டுக் கொல்லையைப் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறேன், பார்த்துவிடக்கூடாது என்றே திரும்பியிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குழந்தைகளை எந்தக் காட்டேரியும் குடிக்கவில்லை, சாமி. அப்பன், பாட்டி, ஊர், வரதட்சணை, பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்காத என்னைப் போன்றவர்கள், இவ்வளவு பேரும் சேர்ந்து செய்த காரியம். பழியை ஒரு ரத்தக்காட்டேரி மேல் போட்டால் நாங்கள் எல்லாரும் தப்பித்துவிடுவோம். செச்சென்யா விசயத்தில் நீ சொன்ன தப்பு இதுதானே? உன் மூஞ்சி சுருங்கியதைப் பார்த்தேன், உடனே விட்டுவிட்டாய், அதற்கு சந்தோசம். ஆனால் மறக்காதே.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன்.

அவன் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போய், வடக்கே எங்கேயோ போர் போடுகிற இடத்தில் விபத்தாகி, பெட்டியில் வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருசம்கூட முழுசாக ஆகவில்லை. மூன்றாம் ராத்திரி நீ ஒரு காட்சி வைத்தாய். பைபாஸில் ரிக் லாரி நிற்கிறது, கேபினில் டிரைவர் தூங்குகிறான், இந்தப் பையனின் வேசத்துக்குப் பசி 5. நீ வேண்டுமென்று வைக்கவில்லை, எனக்குத் தெரியும். நம் ரோட்டில் ரிக் லாரி நிற்பது இயற்கைதானே. அவன் உருட்டினான். சிவப்பில் 1. டிரைவர் செத்துப்போனான். நீ ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாய். மணி இரண்டானதும் புத்தகத்தை மூடினாய், "சூப்பர் செசன்டா" என்றீர்கள், அவரவர் பாயை விரித்தீர்கள்.

நான் நாலு மணிக்கு எழுந்தபோது அவன் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒன்றுதான் கேட்டான். "அத்தை, அந்த டிரைவர் பேரு என்னன்னு அண்ணன் சொல்லவே இல்லைங்க."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உனக்கு ஐந்து வயசு இருக்கும். மாரியம்மன் பண்டிகைக்கு இரணியன் கூத்து. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவன், விடியும் நேரத்தில் நரசிம்மர் தூணை உடைத்துக்கொண்டு வந்த சத்தத்தில் எழுந்து, நாலு பேர் கயிறு கட்டிப் பிடித்தும் அடங்காத அந்த வேசத்தைப் பார்த்து மூச்சே நின்றுபோய் அழுதாய். வீட்டுக்குத் தூக்கிப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். நான் தூக்கிக்கொண்டு நேரே திரைக்குப் பின்னால் போனேன். அங்கே நரசிம்மர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு, டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் "வா கண்ணு" என்று ஒரு வாய் டீயை உனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பிற்பாடு ஒரு வருசம் வருவோர் போவோரிடமெல்லாம் "நரசிம்மரு டீ குடிச்சாரு" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

உன் ஆட்டத்தில் அந்தத் திரைக்குப் பின்பக்கம் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்தது, மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

நம் ஊரில் வேசம் கட்டுகிறவன் கலைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டான். சாமி வந்து ஆடுகிறவளுக்குத் தண்ணீர் கொடுத்து, திருநீறு வைத்து, சாமியை மலையேற்றி அனுப்பிய பிறகுதான் கூட்டம் கலையும். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் அண்ணன்மார் படுகளம் விழுகிறவர்கள், பொன்னரும் சங்கரும் செத்த மாதிரியே செத்து விழுவார்கள். அவர்களை அப்படியே போட்டுவிட்டு யாரும் போவதில்லை, எழுப்பிவிடுகிறார்கள். இறக்குகிறதை ஏற்றுவதும் அந்தச் சடங்கிலேயே சேர்ந்திருக்கிறது. உன் ஆட்டம் இறக்குவதில் கெட்டி. அது முடிகிற நேரத்தில்கூட ஒரு பகடை இருக்கிறது, செய்த பாவத்துக்கு மனம் வருந்துகிறானா என்று பார்க்க. ஆனால் அது வேசத்துக்கு. வேசத்துக்குள் இருந்த பிள்ளைக்கு?

வேசத்தில் பட்டது ஆளுக்குள் இறங்குவதற்கு உங்கள் பாசையில் 'பிளீட்' என்று பேராம். ரத்தக்கசிவு. நர்சிடம் சொல்லித்தர வேண்டுமா? கசிவைப் பார்த்தால் பேர் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில், ஒருவரையொருவர் புண்படுத்தாமல் ஆடுவது எப்படி என்று ஒரு பின்னிணைப்பே இருக்கிறது. உன் புத்தகத்தில் மற்ற பக்கமெல்லாம் மடங்கிக் கசங்கியிருக்க, அந்தப் பக்கங்கள் மட்டும் புதுசாகவே இருக்கின்றன. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் பார். எழுதியவனே வைத்ததை நீ ஏன் விட்டாய்?

இனிமேல் இப்படிச் செய். ஆட உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொருவனிடமும் எது வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள், கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டான். எக்ஸ் அட்டை என்று ஒரு வழக்கம் இருக்கிறதாமே, நடுவில் ஓர் அட்டையை வைத்து, யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவது. அதை வை. ஒரு ஆளைச் சாகடித்தால் அவனுக்கு ஒரு பேர் வை. ரத்தம் குடிக்கப்பட்டவன் ஊர் பேர் இல்லாதவன் என்றால் அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய மனசாட்சி ஆட்டம்? முடிந்ததும் புத்தகத்தை மூடிய உடனே படுக்காதீர்கள். எல்லாரும் முகம் கழுவுங்கள். வரக்காப்பி போட்டுக் குடியுங்கள். என் வேசம் இன்று இதைச் செய்தது, எனக்கு இப்படி இருந்தது என்று ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்கள். காப்பி ஆறுகிற நேரம் போதும்.

அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. வெளிநாட்டுக் குலமே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நம் மொட்டைமாடியில் கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரிகிறது. எழுபது கொண்டையூசி வளைவு ஏறிப் போனால் எட்டுக்கையம்மன் இருக்கிறாள், சங்கப் பாட்டிலேயே வருகிற கொல்லிப்பாவை அவள்தான் என்று கும்பிடுகிறார்கள். சிரித்தே ஆளைக் கொல்கிற பாவை. உன் காட்டேரி பசிக்காகக் கொல்கிறது, அவள் மலையைக் காக்கக் கொல்கிறாள். நம் முனியும் அப்படித்தான், ஊர் எல்லையில் நிற்கிறது. காவல் நிற்கிற பயங்கரத்தை வைத்து ஒரு கதை கட்டிப் பாரேன். ஆனால் அவளைக் கும்பிடுகிறவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் கூசாத மாதிரி கட்டு.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம், பேசு. ஆட்டத்தைப் பற்றி ஆரம்பிக்காதே, அவன் அப்பாவைப் பற்றிக் கேள். அவர் நன்றாகப் பாடுவார் என்று தெரியுமா உனக்கு? டிரைவர் பேரைக் கேட்டானே, அதற்கும் பதில் வைத்துக்கொள். சும்மா ஒரு பேரை அடித்துவிடாதே, யோசித்து வை.

வேறென்ன. சளி பிடித்திருந்ததே, ஆவி பிடித்தாயா? ரசப்பொடி தீர்ந்தால் சொல், மாசியில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். புத்தகம் அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, உன் அம்மா கண்ணில் படாது. என் ஆயம்மாவின் காகிதமும் அதற்குள்தான் இருக்கிறது. மனிதத்தனம் 7-இல் தொடங்கி 6-க்கு வந்திருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் அதற்கு மேல் இறக்கிவிடாதே, பூக்காரியிடம் இன்னும் போகவில்லை நான்.

ஒரு சிவப்புப் பகடை குறைகிறது என்று தேடிக்கொண்டிருப்பாய். ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. திருநீறு பூசி வைத்திருக்கிறாள். நேரில் வந்து கேட்டால்தான் தருவாளாம்.

அன்புடன்,
உன் அத்தை